அது வெற்றிலைச் சாறு இல்லை

மகனுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கப் போவதும் இல்லை. நலமாகத்தான் இருப்பாய். முகூர்த்தப் பட்டு எடுத்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று உன் பெரியம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இதை எழுதுவது உன் தங்கை செல்வி. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள், ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பேனாவைப் பிடித்தால் நன்றாக எழுதுவாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நீ முகம் சுளிப்பாய் என்று புத்தகத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இனி நீ பழகப் போகிற வீட்டார் படிக்கும்போது அவர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா? ஆமாம், அவர்களும்தான் படிக்கப் போகிறார்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் நீ போன் செய்தாய். எடுத்தது செல்வி. அவள் ஸ்பீக்கரில் போட்டதால் நீ பேசியதை எல்லாம் கட்டிலில் படுத்தபடி நான் கேட்டேன். "கல்யாணத்துக்கு வெத்தல நம்ம சோழவந்தான் வெத்தலதான் வேணும்னு எங்க அத்தை ஆசப்படுறாங்க. நல்ல கொழுந்தாப் பாத்து ஒரு கூடை அனுப்பச் சொல்லு. அப்புறம், உனக்குச் சேலை எடுத்தாச்சு. நாத்தனார் முடிச்சுப் போட மேடைக்கு வரணும்ல? தலையெல்லாம் ஒழுங்காப் பின்னிக்கிட்டு வா." இவ்வளவுதான் பேசினாய். என் வயிற்றைப் பிளந்து தைத்து அனுப்பியிருக்கிறார்களே, தையல் ஆறியதா, சோறு இறங்குகிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. செல்வி பதில் சொல்லாமல் போனை வைத்தாள். நீ அவள் வழக்கம்போலக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருப்பாய். இந்தக் கடிதம்தான் பதில்.

நிச்சயதார்த்தத்தன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். உனக்காக அல்ல, படிக்கப் போகிற மற்றவர்களுக்காக.

அன்று காலையில் வேனில் ஏறும்போதே எனக்கு நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. அந்த எரிச்சல் எனக்குப் புதிது இல்லை. கொடிக்காலில் காலை முதல் குனிந்து வெற்றிலை பறிப்பவள் நான். குனிந்தால் தின்றதெல்லாம் தொண்டைக்கு ஏறி வரும். படுத்தால் மூச்சு முட்டும். முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கித் தின்ற மாத்திரைகள் வேறு. உன்னிடம் பல தடவை சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் "கேஸுதான்ம்மா, ஒரு சோடா குடி" என்றாய். அன்றும் அதையேதான் சொன்னாய். ஆனால் வேனில் ஏறுவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாய். அதை நன்றாக நினைவுபடுத்திக்கொள். என் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை நீயே உருவி வேலிமேல் தொங்கவிட்டு, "இன்னைக்கு ஒருநாளு வெத்தல போடாதம்மா. அவுக படிச்சவங்க. பல்லு செவப்பாத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" என்றாய். நானும் வாயைக் கழுவிக்கொண்டு ஏறினேன். பல்லுக்குப் பற்பொடி போட்டுத் தேய்த்துவிட்டவள் செல்வி. அன்று முழுக்க ஒரு வெற்றிலைக் காம்புகூட என் நாக்கில் படவில்லை. இது உனக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும்.

மதுரைக் காளவாசல் மண்டபத்தில் என்னை மேடையில் உட்கார வைக்கவில்லை. அதற்கு நான் கோபப்படவில்லை. புருஷன் செத்தவள் தட்டு மாற்றக்கூடாது, பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும் என்றாய். சரி என்று பின்னால் இருந்த அறைக்குப் போனேன். போனதும் குமட்டியது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் வாந்தி எடுத்தேன். சிவப்பு. வாளி ஓரமெல்லாம் சிவப்பு, என் கையிலும் செல்வி பிடித்திருந்த துண்டிலும் சிவப்பு. அந்த நேரம் பார்த்து உனக்கு வரப்போகிற மாமியார் என்னைப் பார்க்க உள்ளே வந்தார்கள். நல்ல மனுஷி. எனக்கென்று காப்பி எடுத்து வந்திருந்தார்கள். வாளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னாலேயே நீயும் வந்தாய்.

"என்ன தம்பி இது? ரத்தமாட்டம் இருக்கு?"

நீ வாளியைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். செல்வியைப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய்.

"ரத்தமெல்லாம் இல்லத்தே. வெத்தலச் சாறு. கொடிக்கால் வச்சிருக்கவங்க வீட்டுல இப்படித்தான், நாளெல்லாம் வாய் ஓயாது. வேன்ல வந்தது ஒத்துக்கல போல."

அவர்களுக்கு உயிர் வந்தது. "அடேயப்பா, பயந்தே போனேன். சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு உங்க தோட்டத்து வெத்தலதான் வேணும், ஆமா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நான் பேசியிருக்கலாம் என்பாய். அடுத்த குமட்டல் ஏறிக்கொண்டிருந்தது மகனே. வாயைத் திறந்தால் பேச்சு வராது, வேறுதான் வரும். கொடிக்கால் நமக்கு இருக்கிறது என்று அவர்களிடம் நீ சொல்லியிருந்தாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவளை நீ ஒரு நொடியில் தோட்டக்காரி ஆக்கிவிட்டாய். அந்தப் பொய்க்குக்கூட உன்னை விட்டுவிடுவேன். பெண் எடுக்கிற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஆனால் என் ரத்தத்தைக் காட்டி வெற்றிலை என்றாயே, அதற்கு விடமாட்டேன்.

அவர்கள் போனதும் நீ செல்வியிடம் குனிந்து, "கதவச் சாத்திட்டு இங்கயே இரு. தட்டு மாத்தி முடியிற வரைக்கும் யாரையும் உள்ள விடாத. ராகுகாலம் முடிஞ்சதும் ஆரம்பிச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாய். நான் உன் வேட்டி நுனியைப் பிடித்தேன். பிடித்தது உனக்குத் தெரியும். பட்டு வேட்டி என்பதால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு தடவை சிவப்பாகவே எடுத்தேன். அதற்கப்புறம் வலி மாறியது. எரிச்சல் என்று சொன்னது போய், உள்ளே எதையோ யாரோ பிடித்து ஈரத்துணி மாதிரி முறுக்குவது போல இருந்தது. வாந்தி வருவது போல ஓங்கரிக்கும், ஒன்றும் வராது. வயிறு பலகையாகிவிட்டது, இடது தோள்பட்டை வரை இழுத்தது. வெளியே மேளச் சத்தம். கத்தினாலும் கேட்காது. செல்வி அந்தத் துண்டைச் சுருட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். மேடைக்குப் பக்கத்தில் தூணோரம் போய் நின்றாளாம். எல்லோரும் மாப்பிள்ளையின் தங்கச்சி என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்களாம். அவளுக்குப் பேச வாய் வரவில்லை. நீ மேடையிலிருந்து அவளைப் பார்த்தாய், துண்டையும் பார்த்தாய், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். போ என்று அர்த்தம். அவள் போனாள். ஆனால் அறைக்குத் திரும்பவில்லை. சமையல் கட்டுக்குப் போய், வடை சுட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் முன்னால் துண்டை விரித்துப் பிடித்தாள்.

"என்னத்தா இது?" என்று கேட்டிருக்கிறார் அவர். இவள் அழுதிருக்கிறாள். அவர் கரண்டியைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடி வந்தார். என்னைத் தூக்கும்போது நீயும் வந்துவிட்டாய். அந்தப் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் பொறுங்கண்ணே. தட்டு மாத்துறாங்க. இந்நேரம் வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னா அபசகுனம்பாங்க, அசிங்கமாப் போயிரும்."

"அசிங்கமா? ஏ மாப்ள, ஒங்காத்தா மூஞ்சியப் பாத்தியா? சுண்ணாம்புச் செவுரு கணக்கா இருக்கு. தள்ளு அங்குட்டு!"

"அப்பச் சரி, பின்வாசல் வழியாக் கொண்டு போங்க. நான் பின்னாடியே வாரேன்."

அப்படித்தான் உன் நிச்சயதார்த்தத்திலிருந்து நான் கிளம்பினேன். சமையல்காரரின் சின்ன லோடு வண்டியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், செல்வி மடியில் தலை வைத்து. வண்டி திரும்பும்போது மேளம் வேகமெடுத்தது. தட்டு மாற்றியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் வயிற்றில் கை வைத்தார்கள், வைத்ததும் அவர்கள் முகம் மாறியது. அதற்குள் நீயும் பைக்கில் வந்துவிட்டாய், நெற்றியில் சந்தனத்தோடு. "எப்பத்துல இருந்து இப்படி இருக்கு? ரத்தம் கக்குனாங்களா?" என்று கேட்டார்கள். "இப்பத்தான் டாக்டர். ஒரு அரை மணி நேரம் இருக்கும். ரத்தமெல்லாம் பாக்கல" என்றாய். யாருக்காக அந்தப் பொய்? அங்கே உன் மாமனார் இல்லை, மாமியார் இல்லை. பொய் ஒரு தடவை பழகிவிட்டால் ஆள் இல்லாத இடத்திலும் வாய் தானாகச் சொல்லும் என்று அன்று பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வி பேசினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை. "இல்ல டாக்டர். காலையில இருந்து வலி. மூணு தடவ ரத்த வாந்தி எடுத்தாங்க. அண்ணன் சொல்றது பொய்" என்றாள். துண்டையும் எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதற்குமேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம்தான் எல்லாம் கேட்டார்கள். என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், எல்லாம். உன்னைக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டார்கள்.

எனக்கு என்ன ஆகியிருந்தது என்று நீ இன்று வரை கேட்கவில்லை. சொல்கிறேன். கண் விழித்த பிறகு டாக்டரம்மா என் கட்டிலோரம் நின்று கையை வைத்துக் காட்டினார்கள். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தசையால ஒரு தடுப்பு இருக்கும்மா. சாப்பாட்டுக் குழாய் எறங்க அதுல ஒரு ஓட்ட உண்டு. உங்களுக்கு அந்த ஓட்ட பெருசாகி, அது வழியா இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறி முறுக்கிக்கிருச்சு. மாத்திரை தின்னு தின்னு உள்ள ஏற்கெனவே புண்ணு. அதுலருந்துதான் ரத்தம். கடைசியில புண்ணு இருந்த எடமே ஓட்டையாயிருச்சு." மேலே போனதைக் கீழே இழுத்து, முறுக்கை எடுத்துவிட்டு, ஓட்டையைத் தைத்து, கழுவி மூடினார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர்கள் செல்வி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். நெஞ்செலும்புக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புளைத் தாண்டி இறங்குகிறது தையல். மூக்கில் குழாய், பக்கத்தில் குழாய். உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படிக் கிடக்கவில்லை. இனிமேல் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்றார்கள். குனியாமல் வெற்றிலை பறிக்க முடியுமா? இப்போது கொடிக்காலுக்குப் போவது செல்வி மட்டும்தான். நான் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, ஒரு பிடி குழைந்த சோற்றை நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒன்று நினைவிருக்குமா தெரியாது. நீ தவழ்ந்து நடை பழகின காலம். கொடிக்கால் வரப்பில் விட்டிருந்தேன். எவளோ ஒருத்தி வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, தயிர் என்று நினைத்தாயோ என்னவோ, வழித்து வாயில் போட்டுக்கொண்டாய். வாயெல்லாம் வெந்துபோய்க் கத்தினாய். சேற்றுக் காலோடு, மாராப்பு அவிழ்ந்தது தெரியாமல், உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வந்த பஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். டிரைவர் "சாகவா வந்த?" என்று திட்டினார். பிள்ளை வாயைக் காட்டினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என் கோலத்தைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அந்த பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. யார் பார்க்கிறார்கள், என்ன நினைப்பார்கள் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நீ இன்று மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்க மாட்டாய். யோசித்திருக்கலாமோ என்று இந்தக் கட்டிலில் கிடந்து நினைத்தது உண்டு. செல்வி இதை எழுதத் தயங்குகிறாள். எழுது புள்ள என்கிறேன்.

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் கடைசியில் தங்கள் பேரிலும் தப்பு இருக்கிறது என்று இறங்கி வருவார்கள் என்று நீ காத்திருப்பாய். உன் பெரியம்மாகூட அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். "ஒனக்கும்தான் வாயிருந்துச்சு. மொதல்லயே வீம்பு பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல? பய பாவம், பதட்டத்துல ஒளறிட்டான்." நான் இறங்கி வரப்போவதில்லை. பதட்டத்தில் உளறுகிறவன் சிரிப்பானா? நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். தையல் வலிக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். நானும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி வயிறு வலிக்கிறது என்று சொன்னால் சோடா குடிக்கச் சொல்லாதே. வீட்டில் விருந்தாளி இருந்தாலும் வண்டியைக் கூப்பிடு. உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் முன்னால் பொய் சொல்லாதே, ஏனென்றால் அவர்கள் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், நீ வாந்தி எடுக்கும் நாள் ஒன்று வரும், அன்று வாளி ஓரம் நின்று உன் மகன் என்ன சொல்லவேண்டும் என்பதை நீதான் இன்றிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய். இது சாபம் இல்லை. சாபம் என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி நான் செய்யப் போவதைக் கேள். நீ கேட்ட வெற்றிலை வரும். கூடை நிறையக் கொழுந்து வெற்றிலை, ஒரு அழுகல் இருக்காது. செல்வி கையால் பறித்து, நூறு நூறாக எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்கியது. அது நீ தங்கியிருக்கிற அறைக்கு வராது. நேராகக் காளவாசலில் உன் மாமியார் வீட்டுக்குப் போகும். கூடையின் மேல் ஈரச்சாக்குக்கும் முதல் அடுக்குக்கும் நடுவில் இந்தக் கடிதம் இருக்கும், கவர் இல்லாமல், ஒட்டாமல். வெற்றிலை கேட்டவர்கள் அவர்கள்தான், அவர்களே திறக்கட்டும். அன்று அவர்கள் கேட்ட கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்கிறேன்: அது வெற்றிலைச் சாறு இல்லை அம்மா, ரத்தம்தான். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்தது. கொடிக்கால் எங்களுக்கு இல்லை. பெண் உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

அப்புறம் அந்த முடிச்சு. தாலியில் முதல் முடிச்சு நீ போடுவாய், மற்ற இரண்டும் தங்கச்சி போடவேண்டும் என்று மேடையில் அவளைத் தேடுவார்கள். "நாத்தனார் எங்கப்பா?" என்று ஐயர் கேட்பார். அவள் வரமாட்டாள். அத்தனை பேர் முன்னால் அதற்கு என்ன காரணம் சொல்வாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதையும் வெற்றிலை என்றா சொல்வாய்? அந்த ஒரு நிமிஷத்துக்காகவாவது நான் எழுந்து நடமாடவேண்டும் என்று இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்

அண்ணே, இதற்கு மேல் நான் எழுதுவது. அம்மா சொன்னது அத்தனையும் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிவிட்டேன். மைக் கையைத் துடைத்துவிட்டபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் புள்ள. கவர்ல போட்டு ஒட்டிரு. அவனுக்கே அனுப்பு. அந்தப் பொண்ணு வீட்டுல அவன் தலகுனிஞ்சு நிக்கிறத நெனச்சா என்னமோ செய்யுது. பெத்த வயிறு" என்றது. எந்த வயிறு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சரிம்மா என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டது.

அம்மா உன்னை மன்னிக்கலாம். அது அம்மா இஷ்டம். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாளியோடு உட்கார்ந்திருந்தவள் நான். யாரையும் உள்ளே விடாதே என்று நீ சொன்னது என்னிடம். நீ சொன்னதைக் கேட்டு நான் அங்கேயே இருந்திருந்தால், இன்று நம் வீட்டில் அம்மா படத்துக்கு மாலை போட்டிருப்போம், அதற்கு நீ ஒரு காரணம் சொல்லியிருப்பாய், நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். அந்நியர் முன்னால் என் வாயிலிருந்து வந்த பேச்சு டாக்டரம்மாவிடம் சொன்னது மட்டும்தான். இது அடுத்தது.

நான் கவர் வாங்கவில்லை. கூடை தயாராக இருக்கிறது. இந்தக் காகிதத்தை வெற்றிலைமேல் விரித்து வைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, வாழை நாரால் இறுக்கிக் கட்டப் போகிறேன். மூன்று முடிச்சு. மூன்றையும் நானே போடுவேன். உன் கல்யாணத்துக்கு என் கையால் விழுகிற முடிச்சு அவ்வளவுதான்.

செல்வி